அழுகைக் கோச்சியைப் பாட்டாக்குவது எப்படி

போன மாதம் கூடலூரிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். மே தினக் கூட்டத்துக்குப் பாட்டு எழுதியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள் அக்கா என்றாள். எல்லையெல்லாம் பொய், கோடெல்லாம் பொய், மனிதன் மட்டுமே மெய் என்று போனது அந்தப் பாட்டு. நல்ல குரல், நல்ல மனசு. பாடி முடித்ததும் நான் ஒன்றுதான் கேட்டேன்: "உங்க அம்மாயி சிலோன்லருந்து வரும்போது டிரங்குப் பெட்டியில என்ன கொண்டுவந்தாங்க?" அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வா, அப்புறம் எழுதலாம் என்றேன்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள். "கவ்வாத்துக் கத்தி அக்கா. சேலைத் துணியில சுத்திக் கொண்டுவந்தாங்களாம். போற எடத்துலயும் தேயிலைதான்னு யாரோ சொன்னாங்களாம்." தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அந்தக் கத்தியில்தான் அவளுடைய பாட்டு தொடங்குகிறது. பொய், மெய் எல்லாம் பிறகு தானாக வந்துவிடும்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். 1979-ல், ஒன்பது வயதில், இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பா அம்மாவோடு வந்தவள். நாங்கள் ஏழு பெண்கள் பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து பாடுகிறோம். எல்லை தாண்டி வந்தவர்களைப் பற்றி, ஒரு குடும்பத்தை இரண்டு நாட்டுக்குப் பங்கு போட்டதைப் பற்றிப் பாட்டுக் கட்ட வேண்டும், எப்படித் தொடங்குவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டில் தேதி வர வேண்டியதில்லை. ஆனால் பாடுகிறவளுக்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கதையில் இவ்வளவாவது மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்வோம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த 1948-லேயே 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. காப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே மலையைத் திருத்தி வாழ்ந்த லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் அந்தச் சட்டத்தால் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தலவாக்கலையிலிருந்து அப்படிப் போனவர்தான் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்துப் பாட்டுகளைத் திரட்டி வைத்தவரும் அவரே.

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே கடலோடு போனது. அதனால் எங்கள் கப்பல் தலைமன்னாரில் புறப்பட்டு ராமேஸ்வரத்தில் வந்து நின்றது. அங்கிருந்து மண்டபம் முகாம். அப்புறம் யாருக்கு எந்த ஊர் என்று சீட்டுக் கொடுத்தார்கள். நீலகிரிக்குக் கிடைத்தவர்கள் நாங்கள். எங்களைப் போல் வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள்.

இலங்கை மலைத் தோட்டங்களில் ரயிலைக் கோச்சி என்போம். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு அட்டனிலும் நானுஓயாவிலும் கிளம்பிய ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயராகிவிட்டது. ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள்.

பாட்டியிடம் பாட்டு வாங்குவது

"ஆயா, ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேட்டால் ஒருத்தரும் பாட மாட்டார்கள். எனக்கென்ன பாட்டுத் தெரியும் என்று எழுந்து போய்விடுவார்கள். நான் செய்வது இதுதான். அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அடி ஒன்றைக் கொஞ்சம் தப்பாகப் பாடுவேன். கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. "அப்படி இல்லடி" என்று திருத்துவார்கள். திருத்தத் தொடங்கினால் நாலு அடியாவது வந்துவிடும். அந்த நேரத்தில் போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்பே சொல்லி, சம்மதம் வாங்கி, முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு கேட்டால் விசிறிச் சத்தம்தான் பெரிதாக இருக்கும்.

ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லக் கூடாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்பார்கள். அந்த நம்பிக்கையோடு வாதாட நாம் யார்? தோட்டத்துப் பக்கம், ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஒப்பாரியை முதலில் முழுசாகக் கேட்டதே அப்படி ஓர் இடத்தில்தான். என் பெரியம்மா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர், அம்மா இந்தியாவுக்கு. கூடப் பிறந்த இரண்டு பேர், ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), இரண்டு விண்ணப்பம். 1979-க்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. இலங்கையில் போர் முற்றியதும் கப்பலும் நின்றுபோனது. 1991-ல் பெரியம்மா இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேர்ந்தபோது அங்கே முப்பதாம் நாள் முடிந்திருந்தது. அம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயடி தாண்டித் தேயிலைக்குள் போய் நின்று பாடினார். பின்னாலேயே போன நான் செடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எங்கள் குழு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். மற்ற ஆறு பேரும் வந்து சேரத்தான் வருடங்கள் ஆயின.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா, கஷ்டந்தான்" என்பார்கள். அதோடு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள், ஆளைக் கேளுங்கள், சோற்றைக் கேளுங்கள். கடைசி நாள் என்ன சமைத்தீர்கள்? ஆடு கோழியை யாருக்குக் கொடுத்தீர்கள்? பாஸ்போர்ட் படத்துக்கு யார் சட்டையை இரவல் வாங்கிப் போட்டீர்கள்? சோதனையில் எதை எடுத்துவிட்டார்கள்? மண்டபத்தில் முதலில் யார் பேச்சுக் கொடுத்தார்கள்? பதில் வந்ததும் அவர்கள் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். பெரட்டு என்றால் பெரட்டு, தோட்ட அதிகாரியைத் தொரை என்றால் தொரை, ஒப்பந்த வேலையைக் கொந்தரப்பு என்றால் கொந்தரப்பு. பெரட்டைக் 'காலை வருகைப் பதிவு' என்று மாற்றினால் பாட்டு அங்கேயே செத்துவிடும்.

பழைய பாட்டு எப்படிப் பேசுகிறது

எழுதும் முன் பழைய பாட்டு ஒன்றையாவது பிரித்துப் பாருங்கள். மலையகத்தில், அதாவது இலங்கையின் தோட்ட மலைப் பகுதியில், எல்லோருக்கும் தெரிந்தது இது:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

இடத்துக்கு இடம் ஒரு சொல் மாறும், அது பரவாயில்லை. ஊரான - பேரான என்று எதுகை. ஊர், ஒத்தப்பனை, பேர், பெத்த தாய் என்று அடிக்கு ஒரு பொருள். முதலில் ஊர் போகிறது, அப்புறம் தோப்பு, கடைசியில் தாய். ஆள் பிடித்து வந்த கங்காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை, தொரையைப் பற்றி இல்லை, கப்பலைப் பற்றியும் இல்லை. 'நான் மறந்தேன்' என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறாள். கேட்கிறவர்களுக்கு யாரால் மறக்க நேர்ந்தது என்று தெரியும். கங்காணி காதில் விழுந்தாலும் தண்டிக்க முடியாத பாட்டு. கோபத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று நான் கற்றுக்கொண்டது இந்த நாலு அடியில்தான்.

நேரடியாகப் பாடியவர்களும் உண்டு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடினார். 1940-ல் அதைச் சின்னப் பாட்டுப் புத்தகமாகவும் அச்சடித்தார். அதே 1940 ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் மேடையேறிப் பாடியதை நினைத்துப் பாருங்கள். ஒளித்துப் பாடுவதும் வெளிப்படையாகப் பாடுவதும் இரண்டும் நம்முடையவை. எந்த இடத்தில் எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பாட்டு ஒன்று உருவான விதம்

முதல் வரைவில் 'நாடற்றோர் நாங்கள்' என்று நான் எழுதியிருந்தேன். குழுவில் மூத்த அக்கா கேட்டார், "இத எங்கம்மா எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா?" சொல்லியதில்லை. அடித்துவிட்டேன். பிறகு என் அம்மா சொன்னவற்றை எழுதி வைத்த நோட்டை எடுத்து, பொருள் பொருளாக வரிசைப்படுத்தினோம். அட்டன் ஸ்டேஷன், கோழி, பாஸ்போர்ட், பெரியம்மா, மண்டபம். கும்மி மெட்டில் வந்தது இது:

கோச்சி வருது கோச்சி வருது அட்டன் டேசனிலே - எங்க
கோழிக் கூட்டத் தொறந்துவிட்டோம் லயத்து வாசலிலே
அஞ்சேகால் லட்சமுன்னு ஆரு போட்ட கணக்கு - அதுல
அக்கா பேரு அங்கிருக்கு, எம்பேரு இங்கிருக்கு

ஒப்பந்தத்தின் எண்ணைப் பாட்டில் வைக்கலாமா என்று ரொம்ப யோசித்தோம். '5,25,000' என்று காகிதத்தில் பார்த்தால் பாட முடியாது. 'அஞ்சேகால் லட்சம்' என்று வாயால் சொன்னதும் அதுவே தாளத்தில் உட்கார்ந்துவிட்டது. தேயிலை எடை போடுகிற மாதிரி ஆளை எடை போட்டிருக்கிறார்கள் என்பது அந்த 'ஏகால்' கணக்கிலேயே கேட்கும். எண் வாய்க்கு வந்தால் வையுங்கள், வராவிட்டால் பாட்டுக்கு முன்னால் பேச்சில் சொல்லிவிடுங்கள்.

இந்த நாலு அடியையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனோம். இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். யாருடைய கதையோ அவர் முன்னால்தான் முதல் அரங்கேற்றம். அம்மா கேட்டுவிட்டு, "எவளாவது கோழியத் தொறந்து விடுவாளா? நரி தின்னுட்டுப் போறதுக்கா?" என்றார். கீழே கிராமத்தில் இருந்த ஒரு சிங்கள அக்காவுக்குத்தான் கோழிகளைக் கொடுத்தார்களாம். அந்த அம்மாள் வழிக்கு என்று கித்துள் மரத்துக் கருப்பட்டியை வாழைச் சருகில் கட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. கோழிக் கூட்டைத் திறந்துவிடுவது கேட்க அழகாக இருந்தது. ஆனால் அது நாங்கள் கற்பனை செய்த அழகு. மாற்றினோம்:

கோழி ரெண்டும் சிங்கள அக்கா கூடைக்குள்ள போச்சு - அவ
கொடுத்துவிட்ட கித்துள் கட்டி மண்டபத்தில் தீந்து போச்சு

இதனால் பாட்டின் பின்பாதியே மாறியது. சிங்களவர்களை மொத்தமாகத் திட்டுகிற ஓர் அடி எங்களிடம் இருந்தது. கருப்பட்டி கொடுத்தவளும் அந்தப் பாட்டுக்குள் இருக்கும்போது அந்த அடியை எங்களால் பாட முடியவில்லை. எடுத்துவிட்டோம். சட்டம் போட்டவர்கள் மேல் கோபம் குறையவில்லை. அது கணக்குப் போட்ட கையைத் தேடிச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

பல்லவி சின்னதாக இருக்கட்டும். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து நிற்கிறவள் ஒரு தடவை கேட்டதும் திருப்பிப் பாட முடிய வேண்டும். எங்கள் பல்லவி இரண்டு அடிதான்:

அங்க என்ன இந்தியாக்காரி, இங்க சிலோன்காரி - என்ன
ஆத்தா வச்ச பேரச் சொல்லி அழைக்க ஆளு யாரு?

பாடும்போது 'யாரு' என்ற இடத்தில் இழுக்கச் சொல்வோம். கூட்டம் சேர்ந்துகொள்வது அங்கேதான்.

தப்பு, குரல், மேடை

தோட்டத்தில் விடிகாலையில் தப்பு என்கிற பறையை அடித்துத்தான் பெரட்டுக்கு ஆள் எழுப்புவார்கள். சாவுக்கும் தப்பு, காமன் கூத்துக்கும் தப்பு. எங்கள் நிகழ்ச்சி அந்தப் பெரட்டுத் தப்போடுதான் தொடங்கும். வயதானவர்கள் அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நீலகிரிப் பனியில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் கங்கு வைத்த சட்டி ஒன்று இருக்கட்டும், இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை காய்ச்சிக்கொள்ளுங்கள். வெடிக்கிற அளவுக்குக் கிட்டே காட்டாதீர்கள். தட்டினால் கணீரென்று கேட்டதும் எடுத்துவிடுங்கள்.

தப்பை நீங்களே கற்றுக்கொண்டு அடிப்பது நல்லதுதான். ஆனால் தலைமுறையாக அடித்தவர்களை, அதற்காகவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை ஒதுக்கிவிட்டு அடிக்காதீர்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரை ஒவ்வொரு மேடையிலும் நடுவில் நிறுத்துகிறோம், போக்குவரத்துச் செலவோடு முதல் சம்பளம் அவருக்கு.

சுருதியைத் தாழ்த்தித் தொடங்குங்கள். கூட்டத்தில் இருப்பவர்களின் குரலுக்கு எட்ட வேண்டும். தனிக்குரல் வேண்டாம், அடிக்கு ஒருத்தராக மாற்றி மாற்றிப் பாடினால் ஒருவர் கதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இரண்டு மைக் போதும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் முக்கியமான பாட்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள், மூன்றாவதாக வையுங்கள். பாட்டுக்கு முன் விளக்கம் மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

பக்கத்து லயத்தில் இருப்பவர்கள்

இதைச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் வந்து இறங்கிய இந்த மலையில் இப்போது தேயிலை எடுப்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களை நம் ஆட்களே 'இந்திக்காரங்க' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் பேசுவது இந்தி கிடையாது, சாத்ரி என்ற மொழி. எங்கள் குழுவிலேயே ஒருவர், அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால்தான் நமக்குக் கூலி ஏறவில்லை என்றார். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பயிற்சியில் பல்லவியை 'சிலோன்காரி' வரைக்கும் பாடிவிட்டு நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் அவரே பக்கத்து லயத்துப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர்களோடு பாட விரும்பினால் அவர்கள் பாட்டைத் தமிழாக்க அவசரப்படாதீர்கள். எந்த ஸ்டேஷனில் ஏறினாய் என்று மட்டும் கேளுங்கள். ராஞ்சி என்றாள் ஒருத்தி, சக்ரதர்பூர் என்றாள் இன்னொருத்தி. 'கோச்சி வருது' அடியில் அட்டனுக்குப் பதில் அவரவர் ஸ்டேஷனை அவரவரே பாடுகிறார்கள். அப்புறம் அவர்கள் பாட்டை அவர்கள் பாட, நாங்கள் தாளம் போடுகிறோம். வீடியோ எடுத்து எங்கும் போடுவதில்லை. வேலை கொடுப்பவர் பார்த்துவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது, அதை மதிக்க வேண்டும்.

பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வருடம் வந்தவர், எங்கே பதிவு செய்தது, வெளியில் போட ஒப்புக்கொண்டாரா, இவ்வளவையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். எங்களிடம் மூன்று ஒப்பாரி வெறும் எண்ணோடு கிடக்கின்றன. யார் குரல் என்று சொல்லக் கூடியவர்கள் இப்போது இல்லை.

2023-ல், இலங்கை மலைக்கு நம் மக்கள் போய் 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் அன்று நடந்து போன பழைய வழியில் ஒரு கூட்டம் நடந்து போனது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பெரியம்மா மகளுக்கு எங்கள் பாட்டைப் போனில் பதிந்து அனுப்பினேன். அவள் இன்னும் அதே தோட்டத்தில், அதே லயத்தில் இருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அவளே ஓர் அடி கட்டி அனுப்பினாள்:

கோச்சி போன தண்டவாளம் குளுந்து போச்சு தங்கச்சி - உன்
கோழிக்குஞ்சு பேரங்குஞ்சு கூவுதடி இங்கிட்டு

மேடையில் இதைக் கடைசி அடியாகப் பாடுகிறோம். அந்த இடத்தில் தப்பை நிறுத்திவிடுவோம், கைத்தட்டு மட்டும்தான். முடிந்தால் அவளையே போனில் கூப்பிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வோம். அட்டனில் மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.